செத்தவர் எழுந்த கடைசி ரீல்

தேனி டென்ட் கொட்டகையில் இங்கிலீஷ் படம் போட்டால், திரைக்குப் பக்கத்தில் நின்று தகரக் குழாயில் கதை சொல்வது நான்தான். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை, வாய் முழுசு. வெள்ளைக்காரன் ஒரு வார்த்தை பேசினால் நான் ஒன்பது பேசுவேன். சனங்கள் நடித்தவன் பெயரைச் சொல்வதில்லை. 'அய்யாத்துரை படம்' என்றுதான் சொல்வார்கள்.

இந்தப் பெருமையெல்லாம் என் பெண்டாட்டி ஜெபராணியிடம் செல்லாது. சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவள் அவள். அந்த வாரம் கொட்டகையில் ஓடிய கப்பல் படத்தைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் ஒரே குதி.

"அந்தக் கப்பக்காரரு கடல்ல முங்கிச் சாகுறாருல்ல, அதுக்குப் பெறகுதான் வயலினு எல்லாம் ஒண்ணாச் சேந்து எழும்புது. நூறு பேரு பாட ஆரம்பிக்கிறாக. அங்கன வந்து 'படம் முடிஞ்சிருச்சு, எந்திரிங்க'ன்னு கத்துறீக! சனமும் வேட்டிய உதறிக்கிட்டு எந்திரிக்குது. அந்தப் பாட்ட முழுசா நான் கேக்கணும். இல்லைன்னா போடிக்கு எங்கப்பா வீட்டுக்குப் போயிருவேன்."

சொன்னால் செய்கிறவள். கல்யாணமாகி முதல் கிறிஸ்மஸ்கூட வரவில்லை. படப்பெட்டியோ மறுநாள் மதுரைக்குத் திரும்புகிறது.

அன்று சாயங்கால ஆட்டம். கப்பல்காரர் முங்கினார். கூட்டம் அசைந்தது. நான் குழாயை வாயில் வைத்தேன்.

"யாரும் எந்திரிச்சிராதீக! பாட்டு முடியிறப்ப செத்தவரு எந்திரிச்சு வாராரு!"

என் வாய்தான் சொன்னது. கூட்டம் அப்படியே மணலில் ஒட்டிக்கொண்டது. திரையில் வெறும் இங்கிலீஷ் எழுத்து ஓடியது. பிழைப்புக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். வயலின்கள் மேலே மேலே ஏறின. ஆண் குரல்கள் அடியிலிருந்து தாங்க, பெண் குரல்கள் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயின. ஐயோ, எனக்குக் குதிக்க வேண்டும்போல, சிரிக்க வேண்டும்போல, எவனையாவது கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது! பெண்கள் பக்கத்தில் ஜெபராணி ரெண்டு கையையும் வீசி அந்த நூறு பேரையும் தானே நடத்திக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. விளக்கு எரிந்தது. செத்தவர் வரவில்லை.

"ஏலே, எங்கலே அந்த ஆளு?"

"காசத் திருப்பிக் குடுலே!"

கொட்டகை முதலாளி ஆதித்தன் கம்போடு என்னை நோக்கி வந்தார். வேலை போனது, பல்லும் போனது என்று நினைத்தேன்.

அப்போது பண்ணைப்புரத்து மூக்கம்மாள் எழுந்தாள். சுத்துப்பட்டில் எங்கே இழவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். சாவு விஷயத்தில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"ஏலே, சும்மா இருங்கடா! இம்புட்டுப் பேரு சேந்து இப்பிடிக் கூப்புட்டா யாருதான் படுத்துக் கெடப்பாக? எந்திருச்சு நம்ம நடுவுலதான நடந்து போனாக! அதப் போயி தெரைத் துணியில தேடுறீகளே, காது இல்லையா ஒங்களுக்கு?"

ஆண்கள் பக்கம் ஒருவன் மெதுவாக, "ஆமா, எனக்கும் ஒடம்பு சிலுத்துச்சு" என்றான். "எனக்குந்தான்" என்றான் இன்னொருவன். பிறகு எல்லாருமே கத்தினார்கள்.

"இன்னொருக்கா எழுப்புங்கய்யா!"

ஆதித்தன் கம்பைக் கீழே போட்டார். கடைசி ரீலைச் சுற்றி மறுபடி மாட்டச் சொன்னார். எழுந்தவர்கள் எல்லாரும் திரும்ப மணலில் உட்கார்ந்தார்கள், என் பெண்டாட்டி எல்லாருக்கும் முன்னால்.