ஆறு நிமிட வித்தியாசம்

மருத்துவத் தகவலியல் முதுகலையில் சேர மூன்று தேவைகள். பட்டம் அவன் கையில் இருந்தது. மாலை வகுப்பில் புள்ளியியலையும் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டான். மூன்றாவது, மருத்துவமனையில் இருநூறு மணி நேரக் களப்பணியும், அதற்கு மேலதிகாரி கையெழுத்திட்ட அறிக்கையும். மணிக்கணக்கு முடிந்தது; காலையில் கொடுத்த அறிக்கையில் கையெழுத்து மட்டும் இன்னும் விழவில்லை. இன்று ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

அவன் வேலை பார்ப்பதே மருத்துவமனைப் பதிவறையில்தான். ஒரே நோயாளி கணினியில் இரண்டு முறை பதிவாகியிருந்தால் ஒன்றாக்குவதுதான் களப்பணி. செய்த ஒவ்வொரு மணி நேரத்தையும் நோட்டில் எழுதி, சரிதானா என்று மறுபடி கூட்டிப் பார்ப்பான். "பூட்டைப் பூட்டிட்டு நாலு தடவை இழுத்துப் பாக்கிற ஜென்மம்டா நீ" என்பாள், தடுப்பூசி அறையில் நர்ஸாக இருக்கும் அக்கா.

மூன்று மணிக்கு அந்த அக்காதான் போன் செய்தாள்.

"டேய், உன் கம்ப்யூட்டர் ஒரு குழந்தையை முழுங்கிடுச்சு. ஒன்றரை மாச ஊசிக்கு ரெண்டு பேர் வந்திருக்காங்க. திரையில ஒருத்தன்தான் இருக்கான்."

அவன் தன்னிடமிருந்த நகலைப் புரட்டினான். அறிக்கையின் மூன்றாம் பக்கம்! பெயர் வைக்காத ஆண் குழந்தை; அதே அம்மா, அதே தேதி, அதே முகவரி. பிறந்த நேரத்தில் ஆறு நிமிடமும் எடையில் கொஞ்சமும்தான் வித்தியாசம். யாரோ அவசரத்தில் தப்பாகத் தட்டியது என்று ஒன்றாக்கி, அதையே நல்ல உதாரணமாகவும் காட்டியிருந்தான். கீழே கொட்டை எழுத்தில், 'பிழை ஏதுமில்லை.'

இரட்டையராக இருக்கும் என்று தோன்றவே இல்லை.

வாயை மூடிக்கொண்டால் பழி கணினி மேல் போகும். அவன் பிரசவ வார்டின் காகிதக் கோப்புகளை அள்ளிக்கொண்டு தடுப்பூசி அறைக்கு ஓடினான்.

"தப்பு என்னோடதும்மா. ரெண்டு பேரையும் ஒருத்தன்னு நினைச்சுட்டேன்."

இரு கையிலும் குழந்தையோடு இருந்த அந்த அம்மா சிரித்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரரும் தினம் அதைத்தான் பண்றார். குடிச்சவனுக்கே மறுபடி பால் குடுக்கிறார்."

"மஞ்சள் காமாலை யாருக்கு வந்துச்சு?"

"சின்னவனுக்கு."

கேட்டுக் கேட்டு, கோப்போடு ஒப்பிட்டு, எடையையும் நோயையும் அவரவருக்குத் திருப்பிக் கொடுத்தான். மணி நாலு இருபது. மூன்றாம் பக்கத்தைத் திருத்தி, 'பிழை ஒன்று. செய்தவன் நானே' என்று எழுதி மேலதிகாரியிடம் நீட்டினான். எதைக் கொடுத்தாலும் பிழை தேடி வட்டமிடும் அவளுக்குப் பதிவறையில் பெயர் 'சிவப்பு மை'.

படித்துவிட்டு நிமிர்ந்தாள். "காலையில நீ குடுத்ததுல ஏன் கையெழுத்து போடல தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"நாலாயிரம் பதிவுல ஒரு பிழைகூட இல்லைன்னா யாருப்பா நம்புவா? இப்ப நம்புறேன்." கையெழுத்து நீல மையில் விழுந்தது. "நிக்காத, அனுப்பு!"

அனுப்பினான். போய்ச் சேர்ந்ததா என்று மூன்று முறை பார்த்தான். பிறகு கால் தானாகத் தடுப்பூசி அறைக்குப் போனது. ஊசி போட்ட பின் காத்திருக்கச் சொன்ன அந்த அம்மா இன்னும் அங்கேயே இருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்ததும், அழுகிற ஒருவனை அக்கா அவன் மடியில் வைத்தாள்.

"இவன் யாருக்கா?"

"நீ முழுங்கினவன்."

பழக்கத்தில் இந்த மணி நேரத்தையும் எழுத நோட்டை எடுக்கப் போனான். சின்னவன் அவன் விரலைப் பற்றிக்கொண்டு அழுகையை நிறுத்தினான்.

அந்தப் பிடியை அவன் இழுத்துப் பார்க்கவில்லை.