தொண்டையில் ஒரு கை

'ம்' என்று வாயால் சொன்னால் போதாது, தொண்டையில் கைவைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது டீச்சரின் பிடிவாதம். பிள்ளைகளெல்லாம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வண்டு மாதிரி முரல, முன்வரிசை வாயாடி மட்டும் உதட்டைப் பிதுக்கினாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்க பொய் சொல்றீங்க."

சொன்னதோடு விடாமல் எழுந்து வந்து, சாக்பீஸ் தூள் படிந்த கையை டீச்சரின் தொண்டையிலேயே வைத்தாள். "இப்பச் சொல்லுங்க, பாப்போம்."

டீச்சரின் கணவர் தவறி நாலு வருஷம். மகன் ஃபோனில் பேசுவதோடு சரி. சிடுமூஞ்சி டீச்சர் என்று பிள்ளைகளும் இரண்டடி தள்ளித்தான் நிற்கும். பஸ்ஸில் இடிப்பவர்களைத் தவிர டீச்சரை யாரும் தொட்டதில்லை.

"ம்ம்ம்ம்..."

"ஐ, அதிருது! போதும் டீச்சர், அடுத்த எழுத்து!"

டீச்சர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் கையை எடுத்துவிடுவாள்.