துரு இல்லாத வண்டி

பழைய ஜீப் ஒன்றை விற்கிற சர்வேயர் வீட்டு வாசலில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் தலையை நுழைத்து, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் லிப்ட் மெக்கானிக். துரு இல்லை. ஸ்க்ரூடிரைவர் முனையால் அடிச்சட்டமான சேசிஸைக் குத்திக் குத்திப் பார்த்தார். இரும்பு இரும்பாகவே இருந்தது. வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் சீட்டுக்கு அடியில் சேறு காய்ந்திருக்கும். அங்கேயும் விரலை விட்டுத் துழாவினார், தூசிதான் வந்தது. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டபோது அவர் முகம், லீவு என்று நம்பிப் போன பையன் பள்ளிக்கூடம் திறந்திருப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது.

இது அவர் பார்க்கும் ஐந்தாவது வண்டி. முதல் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் லிவர் அசையவே இல்லை. அடுத்தது கரும்புகை தள்ளியது, அதுவரைக்கும் நியாயம் எனலாம். மூன்றாவது வண்டியில் குறை ஒன்றும் அகப்படாமல், விற்கிறவரின் பேச்சு சரியில்லை என்று திரும்பி வந்தார். நாலாவதை நேரில் பார்க்கக்கூடப் போகவில்லை.

மலைக்கு மேலே, மூடிக் கிடக்கும் கல் குவாரியை ஒட்டி அவருடைய அண்ணன் வீடு. அண்ணன் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருஷமாகிறது. கடைசி ஏற்றத்தில் மழை அரித்துப்போட்ட பாதையில் சாதாரண கார் ஏறாது, ஆம்புலன்ஸும் அடிவாரத்தோடு நின்றுவிடும். அவருக்கு முதுகில் புண் வந்துவிட்டது, புரட்டிப் போட எனக்குத் தெம்பில்லை, கொஞ்ச நாள் கீழே உங்கள் வீட்டில் வைத்துக்கொண்டால் ஆஸ்பத்திரியும் பக்கம் என்று அண்ணி போனில் கேட்டது போன வருஷம். நல்ல வண்டி ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று இவர் சொன்னதும் அன்றைக்குத்தான்.

அதிலிருந்து ஒவ்வொரு வண்டியின் கதையும் போனில் மேலே போனது. அண்ணனுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டே கேட்டுக் கேட்டு, சேசிஸ் என்றால் என்ன, எது துருப்பிடித்தால் ஆபத்து என்பதெல்லாம் அண்ணிக்கு அத்துப்படி. "அவசரப்பட்டு மாட்டிக்காதீங்க தம்பி, ஆழம் தெரியாம கால விடக்கூடாது" என்று அவளே ஆறுதல் சொல்வாள். அதை வாங்கிக்கொண்டு இவர் நிம்மதியாகத் தூங்கப் போவார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடம் நிஜமாகவே கோணலாக இருந்துவிட்டால் அவளுக்கு எவ்வளவு சௌகரியம்!

முந்தின நாள் சமையலறையில் கணவனும் மனைவியும் சாதகபாதகம் பேசினார்கள். கருவிகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு எந்த ஊர் லிப்டுக்கும் போகலாம், மழைக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் டீசல் குடிக்கும், டயர் விலையைக் கேட்டால் மயக்கம் வரும்; யானையைக் கட்டித் தீனி போட நம்மால் ஆகுமா என்றார் அவர். அவள் தட்டுகளைத் துடைத்து அடுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வண்டி நல்லா இருந்துட்டா என்னங்க பண்றது?" என்றாள்.

அவர் டயர் விலையை இன்னொரு தடவை சொன்னார்.

"ரோடு சரியில்லன்னு இனிமே சொல்ல முடியாது. உங்க அண்ணன் இங்க வந்துருவாரு. வந்தா திரும்பிப் போறதுக்கில்ல. யாரு புரட்டிப் போடுவா, நீங்களா?"

அவள் கல்மனசுக்காரி இல்லை. பெற்ற தாயை ஆறு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தவள். அந்த வேலை என்னவென்று தெரிந்ததால்தான் பயந்தாள். அவருக்கு அது தெரியாது, தெரியாமலே பயந்தார்.

சமதரையில் ஓட்டிக்காட்ட சர்வேயருக்கு இஷ்டமில்லை. இந்த வண்டியின் அருமை மேட்டில் ஏறினால்தான் தெரியும் என்று மலைப்பக்கம் திருப்பிவிட்டார். பக்கத்தில் இருப்பது அந்த ஒரே மலை. அடிவாரம் வரைக்கும் போதும் சார் என்று லிப்ட் மெக்கானிக் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். சர்வேயர் சிரித்துக்கொண்டே லிவரை இழுத்தார். வண்டி உறுமிவிட்டு ஏறியது. இரண்டு மூன்று குலுக்கல், ஓரிடத்தில் கொஞ்சம் சாய்வு, அவ்வளவுதான். இத்தனை நாள் போனில் வர்ணித்த பாதை இதுதானா என்று அவரே ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வண்டி பார்க்கக் கூடவே வந்திருந்த மனைவி பின் சீட்டில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டிருந்தாள்.

கடைசி வளைவு தாண்டியதும் வீடு தெரிந்தது. சத்தம் கேட்டு அண்ணி வெளியே வந்தாள். முன்னைக்குப் பாதியாக இருந்தாள். முதலில் வண்டியைத்தான் பார்த்தாள், குனிந்து சக்கரங்களைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்குப் பின்னால் கொழுந்தனைப் பார்த்தாள். வாங்க என்றுகூடச் சொல்லாமல் சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

"தெரிஞ்சவங்களா சார்?"

"எங்க அண்ணி."

கோபமாக இருக்கும், நியாயம்தானே என்று அவர் நினைத்தார். சர்வேயர் முன்னும் பின்னுமாக எடுத்து, வண்டியை இறக்கத்தைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். இஞ்சினை அணைக்கவில்லை. வெகுநேரம் யாரும் வெளியே வரவில்லை.

"வண்டி இன்னும் வாங்கல, சும்மா ஓட்டிப் பாக்க வந்தோம்னு போய் சொல்லிட்டு வாங்க" என்றாள் மனைவி. அவர் கதவுக் கைப்பிடியில் கையை வைத்தார். வைத்த கை வைத்தபடியே இருந்தது.

அப்போது பின்கண்ணாடியில் அண்ணி தெரிந்தாள். குனிந்து, முதுகை இவர்கள் பக்கம் காட்டி, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். அதில் அண்ணன் இருந்தார். சரிந்துவிடாமல் அவர் மார்பைச் சுற்றித் துண்டால் நாற்காலியோடு கட்டியிருந்தாள். கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை, தண்ணீர் தொட்டு வாரிய தலை, மடியில் மாற்றுத்துணி திணித்த ஒரு பை. நாற்காலியின் கால்கள் சரளையில் கோடு கிழித்துக்கொண்டு வந்தன. கூப்பிடவில்லை, உதவி கேட்கவில்லை. வண்டி நிற்கிறதா என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல், அண்ணி பின்பக்கமாகவே வந்துகொண்டிருந்தாள்.