எதிர்க்கட்சிக்காரம்மா

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்?" என்று ஆய்வுக்கூட மதிப்பீட்டுக் குழுத் தலைவர் கேட்டபோது, யாரைச் சொல்கிறார் என்றே பேராசிரியருக்குப் பிடிபடவில்லை. தலைவர் இவரைவிட வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். கணினித் திரையை இவர் பக்கம் திருப்பினார். பேராசிரியர் இதுவரை எழுதிய ஆய்வுக் கட்டுரைகள், அவற்றை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற விவரம். மொத்தமே சொற்பம். அந்தச் சொற்பத்திலும் பாதிக்கு மேல் ஒரே பெண்மணி. நீ என்னை எழுது, நான் உன்னை எழுதுகிறேன் என்கிற ஏற்பாடோ என்று குழுவுக்குச் சந்தேகம். ஆய்வுக்கூடம் இவரிடம் நீடிக்குமா என்பது அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"உறவெல்லாம் இல்ல. நான் சொல்றது தப்புன்னு சொல்றவங்க," என்றார் பேராசிரியர். "நேர்ல பார்த்தது கூட இல்ல."

"அப்போ அதையே அவங்ககிட்ட ரெண்டு வரி எழுதி வாங்கிடுங்க சார். எங்களுக்கும் வசதி."

பேராசிரியர் சொன்னது உண்மை. ஈஸ்ட் செல்லுக்குள் இருக்கிற ஒரு புரதம். அதைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் இரண்டே பேர். செல்லைப் பட்டினி போட்டால் அது உட்கருவுக்குள் போய்விடுகிறது என்பது இவர் கட்சி. போவதில்லை, வாசலிலேயே நின்றுவிடுகிறது என்பது தூரத்து ஊரிலிருந்த அந்தம்மாவின் கட்சி. இவர் ஒன்று எழுதினால் அடுத்த வருடம் அங்கிருந்து ஒன்று வரும். 'இதற்கு மாறாக' என்று ஆரம்பித்து, இவர் பெயரைப் போட்டு, புட்டுப்புட்டு வைத்திருக்கும். இவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார். "எதிர்க்கட்சி அறிக்கை விட்டாச்சா?" என்பாள் மனைவி. பிறகு எங்கிருந்தோ ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும். அந்தம்மா எந்த இடத்தில் குறை பிடிப்பார் என்று யோசித்து யோசித்தே அடுத்த சோதனையைத் தொடங்குவார். கருத்தரங்குகளில் பார்த்திருக்கலாம்தான், கூட்டம் என்றால் இவருக்கு ஆகாது. வேறு எவரும் புரட்டாத பக்கங்களை, படத்துக்கு அடியிலிருக்கும் பொடி எழுத்து உட்பட, ஒருவர் படிக்கிறார் என்பது போதுமானதாக இருந்தது. மூன்று வருடமாக அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. தன் கட்சியை ஒத்துக்கொண்டுவிட்டார் போல என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டதும் உண்டு.

முதல் தடவையாக அந்தம்மாவுக்கு மின்னஞ்சல் எழுதினார். 'அன்புள்ள' என்று போட்டு, அழித்து, 'மதிப்பிற்குரிய' என்று மாற்றினார். பதில் வரவில்லை, சில நாள் கழித்து ஒரு மதியம் தொலைபேசிதான் வந்தது.

"நான் அவ வீட்டுக்காரர் பேசறேங்க. அவ போய் ஒரு மாசம் ஆகுது. மூணு வருஷமா படுக்கைதான். மெயில இப்பத்தான் பாத்தேன்."

பேராசிரியர் கையால் துழாவி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். என்ன சொன்னோம் என்பது பிறகு அவருக்கு நினைவில்லை.

"உங்கள எனக்கு நல்லாத் தெரியும்," என்றார் அந்த மனிதர். "சாப்பிட உக்காந்தா உங்க பேச்சுதான். பிடிவாதக்காரர், ஆனா வேல சுத்தம்னு சொல்லுவா. ஆஸ்பத்திரியில கூட, அவர் புதுசா ஏதாச்சும் எழுதியிருக்காரா பாருங்கன்னு கேட்டா. எனக்கு அதெல்லாம் தேடத் தெரியல. ஒண்ணும் இல்லைம்மான்னு சொல்லிட்டேன்." பிறகு தயங்கிக் கேட்டார். "ஏதாச்சும் இருந்துச்சாங்க?"

அந்த மூன்று வருடத்தில் இவருடைய இரண்டு கட்டுரைகள் வந்திருந்தன.

"இல்லைங்க," என்றார் பேராசிரியர். "நானும் ஒண்ணும் எழுதல."

அந்தப் பக்கம் மூச்சு விடுவது கேட்டது. "அப்ப சரி," என்றார். பிறகு, "அவ ரூம காலி பண்றாங்க. உறைய வச்ச ட்யூபெல்லாம் எடுத்துக்க ஆளில்லைன்னா கொட்டிடுவாங்களாம். உங்களுக்கு ஆகுமா?"

குழுவின் முடிவு அந்த வாரமே வந்துவிட்டது. எழுதிக் கொடுக்க ஆள் இல்லை என்றதும் தலைவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் ஆய்வுக்கூடமும் அதிலிருந்த ஃப்ரீசர்களும் அடுத்த மாதம் புதிதாக வரும் இளைஞருக்கு. இவருக்கு ஒரு மேசை, நாற்காலி. பேராசிரியர் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

"வைக்க இடமில்லாம எதுக்குங்க போய் எடுத்துட்டு வரணும்?" என்றாள் மனைவி.

"கொட்டிடுவாங்களாம்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "இருங்க, நானும் வரேன்," என்றாள்.

அந்தம்மாவின் ஆய்வறையில் பாதி அலமாரிகள் காலியாகிவிட்டிருந்தன. உதவியாளப் பெண் ஒருத்தி தெர்மாகோல் பெட்டியில் புகை கக்கும் டிரை ஐஸைக் கொட்டி, ஈஸ்ட் செல்கள் உறைந்திருந்த ட்யூப்களை எடுத்து அடுக்கினாள். மூடிகளின் மேல் சாய்வான குட்டி எழுத்து. அந்தம்மாவின் கையெழுத்தை இவர் பார்ப்பது அதுதான் முதல் முறை. ஒரு வரிசை முழுக்க இவருடைய பெயரின் முதலெழுத்து இருந்தது. "அது நீங்க கட்டுரையில சொன்ன மாதிரியே மேடம் செஞ்சு பாத்ததுங்க சார்," என்றாள் அந்தப் பெண். "யாரு செஞ்சு குடுத்தாலும் நம்ப மாட்டாங்க. அவங்க கையாலதான் செய்யணும்." மூடியை இறுக்க வேண்டாம், புகை போக வழி வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

ரயிலில் பெட்டியைக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டார். குளிர் தொடைக்குள் இறங்கியது. மனைவி தன் சால்வையை மடித்துப் பெட்டிக்கு அடியில் செருகினாள். புதிதாக வரும் அந்த இளைஞரிடம் ஃப்ரீசரில் ஒரே ஒரு தட்டு மட்டும் கேட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தார். என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை.

எதிரே இருந்தவர் புகையைப் பார்த்துக் காலை இழுத்துக்கொண்டார். "உள்ள என்னங்க?"

பேராசிரியர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"இவருக்குத் தெரிஞ்சவங்களோடதுங்க," என்றாள் மனைவி.

ரயில் ஒரு வளைவில் சாய்ந்தது. அவர் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். வெண்புகை விரல்களுக்கு இடையில் கசிந்து, முழங்காலிலிருந்து வழிந்து, இருக்கைகளுக்கு அடியில் யார் யாருடைய செருப்புகளையோ தொட்டுக்கொண்டு போனது.