ஜெயரட்ணம் என்ற பெயரில்

சூப்புக் கோப்பையை முன்னால் வைத்ததும் ஜெயரட்ணம் கைகளை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டார். நூடில்ஸிலிருந்து ஆவி பறந்தது. கடைக்காரச் சீனப் பெண் ஏதோ சொல்லிக் கண்ணைத் துடைத்தாள்.

“காலமை சித்தப்பா வைச்ச சூப்பாம். சாப்பிடட்டாம்,” என்றாள் மகள் யூஜினி.

“செத்தவீட்டுக்காரனுக்கு விருந்தோ? உவள் எதையோ மறைக்கிறாள், பிள்ளை.”

“மறைக்கிறது நாங்கள்தான் அப்பா.”

சுற்றிவர எல்லா மேசையிலும் மத்தியானக் கூட்டம். உறிஞ்சுகிற சத்தம். இந்த ஸ்படைனாத் தெருவில் ஒருவன் செத்தால் ஒரு கோப்பையும் ஆறாது போல.

தம்பி யோசப் இந்தக் குசினியில் இரண்டு வருடம் நின்றான். அகதி வழக்குத் தோற்றவன்; வேலை செய்ய அனுமதி இல்லை. வேலைக்குக் கேட்கிற சின் நம்பர் கார்டு, அண்ணனுடையதைக் காட்டி, அண்ணனுடைய பெயரிலேயே சேர்ந்திருந்தான். இன்று காலை பத்து மணிக்கு அடுப்படியில் விழுந்தவன் எழும்பவில்லை. கடையிலிருந்து வந்த போனை எடுத்தது ஜெயரட்ணம்தான். ஜெயரட்ணம் செத்துப்போனார் என்று ஜெயரட்ணத்துக்கே சொன்னார்கள். அந்த அளவு இங்கிலீசு அவருக்கும் விளங்கியது.

விடியக் கடைசியாகப் பேசியதும் சண்டைதான்.

“சம்பலோ இது, கடல் தண்ணியோ? உன்ரை கைக்கு உப்பின்ரை அளவு எப்பவடா தெரியப்போகுது?”

“உங்கடை நாக்குச் செத்துப்போச்சு, அண்ணை,” என்று சிரித்துவிட்டுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனான்.

பெயரைச் சரிபார்க்கப் பொலிஸ்காரன் ஒருவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துகொண்டிருக்கிறானாம். 

“ஓமெண்டு சொல்லுவம், பிள்ளை. ஜெயரட்ணம்தான் செத்தது.”

“அப்ப நீங்கள் ஆர்?”

“ஆரோ ஒருத்தன்.”

“கொழும்பிலை நிக்கிற அம்மாவை ஆர் இஞ்சை கூப்பிடுறது? செத்த மனுசனோ?”

“உண்மையைச் சொன்னா, கார்ட் குடுத்த கள்ளன் எண்டு என்னைப் பிளேனிலை ஏத்துவாங்கள். பேந்து ஆர் கூப்பிடுறது?”

யூஜினி கோப்பையை அவர் பக்கம் தள்ளினாள்.

அப்படிச் சொன்னால் கோவிலில் சவப்பெட்டியை வைப்பார்கள். சாமியார் ஜெயரட்ணத்தின் ஆத்துமத்துக்காகச் செபிப்பார். ஜெயரட்ணம் பின்வரிசை வாங்கில் இருந்து ஆமென் சொல்லவேண்டும். யோசப்புக்கு ஒருவரும் செபிக்கமாட்டார்கள். அவன் எங்கே போய்ச் சேருவான்?

கதவு திறந்தது. பொலிஸ்காரன் சப்பாத்துப் பனியை உதறிவிட்டு நேரே அவர்களிடம் வந்தான். செத்தவரின் சட்டைப்பையில் இருந்ததாகச் சொல்லி ஒரு கார்டை மேசையில் வைத்தான். ஏதோ கேட்டான். யூஜினி அதை மொழிபெயர்க்காமல் தகப்பனையே பார்த்தாள்.

பொலிஸ்காரனின் தாளில் அவருடைய பெயரின் முதல் எழுத்து ஏற்கனவே விழுந்திருந்தது. ஜெயரட்ணத்துக்குத் தெரிந்த சில எழுத்துகளில் அதுவும் ஒன்று.

“நோ,” என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. “நோ. யோசப். மை பிரதர்.”

பிறகு கார்டில் விரலை வைத்தார். அதே விரலைத் தன் நெஞ்சில் வைத்தார்.

பொலிஸ்காரன் அவரை மேலும் கீழும் பார்த்தான். கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, புதுத் தாள் ஒன்றைப் புரட்டினான். யூஜினி தகப்பனின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். 

வாய் வறண்டுபோக, ஜெயரட்ணம் கரண்டியை எடுத்துச் சூப்பை ஒரு வாய் குடித்தார்.

உப்புக் கூடிப்போச்சு.

கோப்பை காலியாகும்வரை அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.