அமிர்தவள்ளி பெயரில் வந்த ரிப்போர்ட்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுங்களா. உரக்கச் சொல்லக் கூசுகிற கதை இது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் மெஷின் தைக்கிற அமிர்தவள்ளியின் கதை.

அவளுக்குப் புருஷன் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆச்சு. ஒரே மகன் நவநீதன், தோல் பதனிடும் டேனரியில் வேலை. கொஞ்ச நாளாக அவளுக்குச் சர்க்கரை. கம்பெனியில் மெடிக்கல் கேம்ப் என்றதும் பயந்துவிட்டாள். சர்க்கரை என்று தெரிந்தால், கண் மங்கும் என்று மெஷினை விட்டு இறக்கி நூல் வெட்ட உட்கார வைத்துவிடுவார்கள். பக்கத்து மெஷின் ஹெலன் புதுசாகக் கல்யாணமானவள். "இதுக்குப் போயி பேஜார் ஆவறியே. உன் மூத்திர டப்பாவையும் குடுக்கா, நானே ரொப்பித் தர்றேன்" என்றாள். கக்கூஸுக்குள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஹெலன் முழுகாமல் இருந்தாள். அன்றைக்கு அது அவளுக்கே தெரியாது. பசை வாடையில் கர்ப்பிணிகள் நிற்கக் கூடாது என்று அதையும் சேர்த்துப் பரிசோதித்திருக்கிறார்கள்.

ரிப்போர்ட் கைக்கு வரவில்லை. அதற்குள் பரிசோதனை செய்த லேப் கம்பெனியின் கம்ப்யூட்டரில் யாரோ புகுந்து, இருந்ததையெல்லாம் அள்ளி வெளியே விட்டுவிட்டார்கள். எல்லார் போனிலும் சுற்றியது. ஹெலன் கர்ப்பம். அமிர்தவள்ளியும் கர்ப்பம்.

"இன்னாக்கா, மாங்கா வாங்கியாரட்டா?" என்றாள் லைனில் ஒருத்தி. மாதங்கள் போயும் வயிறு தெரியவில்லை என்றதும், கலைத்துவிட்டாள் என்று பேசினார்கள். உண்மையைச் சொன்னால், டப்பாவில் ஏமாற்றினதற்காக இருவர் வேலையும் போகும், ஹெலனின் பிரசவ லீவு சம்பளமும் போகும். ஹெலன் தலையைத் தூக்காமல் தைத்தாள். அமிர்தவள்ளி அவளை ஒன்றும் கேட்கவில்லை.

ஊர்ப் பேச்சைத் தாங்கிக்கொண்டாள். நவநீதன் ஒரு வார்த்தை கேட்காததைத்தான் தாங்க முடியவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று, சோற்றைப் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். அவன் தின்றுவிட்டுக் கை கழுவப் போய்விடுவான்.

கடைசியில் லேப் கம்பெனி நஷ்ட ஈடு தருவதாகத் தகவல் வந்தது. வேலூரில் ஒரு மண்டபத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்குத்தான் அவன் வாயைத் திறந்தான்.

"போய் வாங்கிடும்மா. மானந்தான் போய்டுச்சி, துட்டாவது வரட்டும்."

அவன் நம்பியே விட்டான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அதற்கப்புறம் எதைச் சொல்வது? அவனோடு பஸ் ஏறினாள்.

மண்டபத்தில் கம்பெனிப் பெண்களின் வரிசை. சற்றுப் பின்னால், வயிறு தள்ளிக்கொண்டு ஹெலன். மேஜையில் லேப் கம்பெனியின் வக்கீல், பூர்ணிமா என்று ஒரு பெண்.

"உங்க விவரத்தை வெளிய யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்மா" என்றாள் பூர்ணிமா.

"இன்னும் யாருக்கும்மா சொல்ல பாக்கி?" என்றது வரிசையில் ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

"ரிப்போர்ட் உங்களுதுதானே? ஆமான்னு எழுதி கையெழுத்துப் போடுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. அமிர்தவள்ளி பேனாவை எடுத்தாள். நவநீதன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பேனாவைக் கீழே வைத்தாள்.

"பேரு என்னுது. ரிப்போர்ட்டு என்னுது இல்ல."

"பின்ன யாருது?"

அவள் பேப்பரைத் திருப்பித் தள்ளினாள். "எல்லாரும் பாக்குறாங்கம்மா, போட்டுத் தொலை" என்றான் மகன் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஹெலன் வரிசையை விட்டு முன்னால் வந்தாள். "என்னுது மேடம். ரெண்டு டப்பாவும் நான் ரொப்பினதுதான். அக்காவுக்குச் சக்கரை, பயந்துச்சி. இத்தினி மாசம் நான் வாயத் தொறக்கல." மேலே பேச வராமல் அழுதாள்.

"உக்காருடி மொதல்ல, நிக்காத" என்று அமிர்தவள்ளி நாற்காலியை அவளிடம் தள்ளினாள்.

"அப்படின்னா உங்களுக்கு நஷ்ட ஈடு வராதும்மா" என்றாள் பூர்ணிமா.

"வேணாங்கண்ணு."

திரும்பும் பஸ்ஸில் ஒரே ஒரு சீட் இருந்தது. அம்மாவை உட்கார வைத்துவிட்டு நவநீதன் கம்பியைப் பிடித்து நின்றான். வேலை என்ன ஆகுமோ என்று அவள் யோசித்துக்கொண்டு வந்தாள். பள்ளிகொண்டா தாண்டியதும் அவன் குனிந்தான்.

"நான் உன்னக் கேட்டிருக்கணும்மா."

"கேட்டிருக்கணும்டா" என்றாள். அதற்குமேல் அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கண்ணுங்களா, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மனசில் பட்டதை உங்களிடமே வந்து கேட்கட்டும். உங்கள் வாசலில் வீண்பழி வந்து நிற்காமல் இருக்கட்டும். எல்லாரும் நல்லா இருங்கள்.