யார் பெயரில் ஓட வேண்டும்

சேரன்துறை நகராட்சியின் மின்னஞ்சல் சர்வர் ஒரு மனிதர் பெயரில்தான் ஓடும். கம்பைல் செய்து கட்டுவதற்கு முன்பே அந்தப் பெயரை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதன்பின் ஊருக்கு வருகிற, ஊரிலிருந்து போகிற அஞ்சல் எல்லாம் அந்த மனிதரின் வாய் வழியாகவே போகும்.

வெகுகாலம் அது பிறப்பு இறப்புப் பிரிவு சவரிமுத்துவின் பெயரில் ஓடியது. அவர் சோறு உண்ணும்போதும் பூசையில் முழங்காலிட்டிருக்கும்போதும் குழாய் உடைப்பு, டெண்டர் அறிவிப்பு, சொத்துவரி நினைவூட்டல் எல்லாம் அவர் வாயிலிருந்து மெல்ல வந்துகொண்டிருக்கும். சித்திரையில் அவர் இறந்தார். அடக்கம் செய்த பிறகும் அஞ்சல் நிற்கவில்லை. கொஞ்சம் தாமதமாக, மண்ணுக்குள்ளிருந்து வந்தது. கல்லறைத் தோட்டத்தில் செபிக்கப் போகிறவர்களுக்குத் தங்கள் சொல் எது, நகராட்சியின் சொல் எது என்று பிரிக்க முடியவில்லை என்று பங்குச் சாமியார் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஆணையர் தபித்தாளைக் கூப்பிட்டார். நகராட்சியில் லினக்ஸ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"புதுசா கம்பைல் பண்ணிருங்க மேடம். ஆள் நீங்களே பாருங்க. வாய் இருந்தாப் போதும்."

"ஒருதடவை போட்டா நடுவுல எதையும் திருத்த முடியாது சார். திருத்தணும்னா முழுசா அழிச்சிட்டுத்தான் மறுபடி கட்டணும்."

"அழிச்ச பேரு மறுபடி ஓடாதுங்கிறதும் தெரியும். நிதானமா யோசிச்சுப் போடுங்க."

வீட்டுக்குப் போகும் வழியிலேயே தபித்தாளுக்குப் பெயர் முடிவாகிவிட்டது. அவள் கணவர் ஆசீர் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். அவர் மைதானத்தில் நின்று அதட்டினால் மூன்று தெரு தள்ளி நடப்பவர்கள்கூட நேராக நடப்பார்கள். ஒரு பொங்கலன்று இரண்டு பேருக்கும் சண்டை. அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர் பிறகு பேசவே இல்லை. தொண்டையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வருடங்கள் போய்விட்டன. இப்போது சண்டை எதற்கு என்பதுகூட அவளுக்குச் சரியாக ஞாபகமில்லை.

எதற்கும் வீட்டில் அது எப்படி இருக்கும் என்று கேட்டுவிடலாம் எனச் சவரிமுத்துவின் மனைவி அந்தோணியம்மாள் வீட்டுக்குப் போனாள்.

"பல்லு தேய்க்கும்போதுகூட டெண்டர் வரும்" என்றாள் அந்தோணியம்மாள். "மொதல்ல ஒரு மாதிரி இருக்கும். பெறவு பழகிரும். இப்ப வீடு சும்மா கெடக்கது தாங்கல பாரு."

மறுநாள் காலை தபித்தாள் வீட்டிலேயே லேப்டாப்பைத் திறந்தாள். ஆசீர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அமைப்புக் கோப்பில் வரிகள் தூங்கிக்கொண்டிருந்தன. முன்னால் இருக்கும் குறியை எடுத்தால் வரி விழித்துக்கொள்ளும். யார் பெயரில் ஓட வேண்டும் என்ற வரியை எழுப்பிவிட்டு அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அஞ்சல் காத்திருக்க ஓர் இடம் வேண்டும். எங்கே என்று கேட்டாள். பிடரியைத் தொட்டுக் காட்டினார். அஞ்சல் பெறத் தகுதியுள்ளவர்கள் யார் யார் என்பது அடுத்த வரி. அலுவலகத்தில் எல்லோரையும் இருக்கை வரிசையில் நினைத்து நினைத்து எழுதினாள். கம்பைல் செய்யச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். திரையில் எழுத்துகள் மழைபோல் இறங்கின. ஆசீரின் உதடுகள் கூடவே அசைந்தன.

மழை நின்றது. ஆசீர் வாயைத் திறந்தார்.

"ஐயா, எங்கள் தெருவிளக்கு பங்குனியிலிருந்து எரியவில்லை. ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அதே குரல். தபித்தாள் எழுந்து அடுக்களைக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாய்த் தொல்லை பற்றி ஒன்று வந்தது. சாக்கடை பற்றி ஒன்று. ஒவ்வொன்றையும் முடியும்வரை கேட்டாள்.

மதியம் அவளே ஓர் அஞ்சல் எழுதித் தன் பெயருக்கே அனுப்பினாள். 'தபித்தா, சாப்பிட்டாச்சா?' என்று மட்டும்.

ஆசீர் பிடரியைத் தடவிக்கொண்டார். பிறகு, "தபித்தாள் என்ற பெயரில் இங்கு யாரும் இல்லை" என்றார். "அஞ்சல் திருப்பி அனுப்பப்படுகிறது."

கோப்பைத் திறந்து பார்த்தாள். எல்லோரையும் எழுதியவள் தன்னை எழுதவில்லை.

மறுநாள் பஸ்ஸில் கண்டக்டர் அவளிடம் மட்டும் டிக்கெட் கேட்கவில்லை. அலுவலகத்தில் அவள் மேசை இருந்த இடத்தில் குடிதண்ணீர் கேன்களை அடுக்கியிருந்தார்கள். ஆணையர் அவளைத் தாண்டிப் போய் வாட்ச்மேனிடம், "சர்வர் பிரமாதமா ஓடுதே, யாருப்பா கட்டினது?" என்று கேட்டார். "தெரியலீங்க சார், தானா கட்டிக்கிச்சு போல" என்றார் வாட்ச்மேன்.

வீடு திரும்பி லேப்டாப் முன் உட்கார்ந்தாள். அழிக்கும் கட்டளையை அடித்தாள். இன்னும் ஒரு விசையைத் தட்டினால் போதும். மறுபடி கட்டி, தன் பெயரையும் சேர்த்துவிடலாம். ஆனால் அதில் ஆசீரின் பெயர் ஓடாது. பின்னால் அவர் வார்டு கூட்டத்தின் தேதியைச் சொல்லிக்கொண்டிருந்தார். 'தேதி' என்பதைக் கல்யாணமான புதிதில் சொன்னதுபோலவே அழுத்திச் சொன்னார். தபித்தாள் அடித்த கட்டளையை ஒவ்வோர் எழுத்தாகத் துடைத்தாள்.

அஞ்சல் பெறுகிறவர்கள் வரிசையில் சவரிமுத்துவின் பெயர் இருந்தது. இறந்தவரையும் பழக்கத்தில் எழுதியிருந்தாள். அந்தப் பெயருக்கு ஓர் அஞ்சல் அனுப்பினாள். ஆசீர் நாற்காலியைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

"சவரிமுத்து, சாப்பிட்டாச்சா?"

"சாப்பிட்டேன்" என்றாள் அவள்.

மறுநாள் வாட்ச்மேன் எழுந்து நின்று, "வாங்கண்ணே" என்றார். பிறப்பு இறப்புப் பிரிவில் நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார்கள். தபித்தாள் உட்கார்ந்து வேலை பார்த்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நெடுநாளாக அவர் வாயால் கேட்க நினைத்ததை எழுதி அந்தப் பெயருக்கு அனுப்பினாள். ஆசீர் அவள் பக்கம் திரும்பி, "உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, சவரிமுத்து" என்றார். அந்தப் பெயரை விட்டுவிட்டு மற்றதைக் காதில் வாங்கிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கைப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள். தலைமுடி நனைந்த ஒரு பெண் வாசலில் நின்றாள்.

"மேலப்புன்னை" என்றாள்.

ஆசீர் எழுந்து குதிகால்களைச் சேர்த்து நின்றார். "சேரன்துறை" என்றார்.

ஓர் ஊரின் சர்வர் இன்னோர் ஊரின் சர்வரோடு பேசுமுன் இரண்டும் தங்கள் ஊரைச் சொல்லிக்கொள்ள வேண்டும். சொல்லிக்கொண்டதும் அவள் உள்ளே வந்து அவருக்கு எதிரில் அமர்ந்தாள். அவர் அவள் காதருகே குனிந்து பேசத் தொடங்கினார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் தண்ணி" என்றாள் அவள், தபித்தாளைப் பார்த்து. "மத்தவங்களும் வந்துட்டிருக்காங்க."

தபித்தாள் செம்பைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். தெருமுனையையும் தாண்டி ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றிருந்தார்கள். எல்லோரும் தத்தம் ஊர்ப் பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன ஊர்களின் பெயர்களும் அதில் கேட்டன. அவள் உள்ளே போய்ப் பரண்மேலிருந்த பெரிய பானையை இறக்கி, உலை வைத்தாள்.